வாய் வெந்தவள்

அவள் என்னை அந்தச் சீனக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு. அன்று கோயிலில் எங்களுக்கு இரண்டாவது ஓலை வாசித்திருந்தார்கள். கத்தோலிக்கரில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாப்பிள்ளை பெண்ணின் பெயரைப் பூசையில் வாசித்து, யாருக்காவது ஒரு தடை தெரிந்தால் வந்து சொல்லும்படி சுவாமியார் கேட்பார். அதைத்தான் நாங்கள் ஓலை வாசிப்பது என்போம். இரண்டு ஞாயிறும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

அவள் என் மாப்பிள்ளையின் அக்கா. மொன்றியலுக்கு ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் பெரிய பங்களா வீடு, கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவி. அவள் பாடினால் கடைசி வாங்கில் தூங்குகிறவர்களும் எழும்பி உட்காருவார்கள். தம்பியைக் கனடாவுக்கு எடுத்தவளும் வைத்துப் பார்த்தவளும் அவள்தான். தம்பிக்கு, பாரிசில் இருந்த தன் கணவரின் தங்கையைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஏற்பாடு. அவனோ கோயில் திருவிழாவில் என்னைக் கண்டுவிட்டு, தானாகவே என் அண்ணையிடம் ஆள் விட்டுக் கேட்டான். இந்தப் பாரிஸ் விசயம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அவள் தந்த தண்ணீரைக்கூட மணந்து பார்த்துத்தான் குடித்திருப்பேன்.

நான் மன்னாரிலிருந்து வந்து இரண்டாவது குளிர்காலம் அது. அஹுன்ட்சிக்கில் அண்ணையின் வீட்டில் இருந்துகொண்டு, ஷபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் கோட்டுகளுக்குக் கைப்பட்டி தைத்தேன். அந்த ஞாயிறு நான் சந்தன நிறத்தில் புதுச் சட்டை போட்டிருந்தேன். அதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

கடை சீனர் தெருவில் ஒரு மாடியில் இருந்தது. மாப்பிள்ளையும் கூட வந்து எனக்கு எதிரே இருந்தான். பலகை மேசைகள். சுவரில் ஒட்டிய கடதாசியில் சீனத்திலும் பிரெஞ்சிலும் உணவுப் பெயர்கள். கண்ணாடி முழுக்க நீராவி படிந்து, வெளியே பனி கொட்டுவது தெரியவில்லை. மூங்கில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. மூடியைத் திறந்தால் உள்ளே சின்னச் சின்னக் கொழுக்கட்டைகள், உச்சியில் மடிப்பு மடிப்பாக முறுக்கி. பார்க்க எங்கள் மோதகம் போலத்தான். ஆனால் மாவு மெல்லிசு, உள்ளே ஏதோ ஆடுவது தெரிந்தது.

"இதுதான் இந்தக் கடையில பேர் போன சாப்பாடு" என்றாள். ஒன்றைக் கரண்டியில் எடுத்து என் கையில் தந்தாள். "முழுசா வாயில போடும். கடிச்சீர் எண்டால் ஊத்துண்டு உம்மட புதுச் சட்டை பழுதாப்போம்."

என் சட்டைமேல் அவளுக்கு என்ன கரிசனை என்று உருகிப்போனேன். முழுசாக வாயில் போட்டேன்.

உள்ளே இருந்தது கொதிக்கும் சூப். கடித்ததும் வெடித்து மேலண்ணத்திலும் நாக்கிலும் தொண்டையிலும் பாய்ந்தது. துப்ப முடியவில்லை, எதிரே மாப்பிள்ளை. விழுங்கவும் முடியவில்லை. மூச்சு அடைத்தது. கை தானாக உதறி மூங்கில் தட்டு கீழே விழுந்தது, கதிரை பின்னால் சரிந்தது, நான் மேசையைப் பிடித்தபடி குனிந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாயோரம் சூப் வழிந்தது. அந்தப் புதுச் சட்டையும் போயிற்று.

அவள் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் வெள்ளைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எழும்பியும் எழும்பாமலும் வெருண்டுபோய் நின்றான். அவளுடைய சிரிப்பு நின்று, முகத்தில் வேறொன்று தொடங்கியது. இரக்கம் என்று நினைத்தேன்.

"என்ன பிள்ளை, இப்பிடி உமக்கு முந்தியும் வாறதே?" என்று கேட்டாள்.

எனக்குப் பேச வாய் இல்லை. தண்ணீர்க் கோப்பையைத் தேடித் தலை ஆடியது. எந்தப் பக்கம் ஆடியதோ எனக்கே தெரியாது. அவள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள். தம்பியைத் திரும்பிப் பார்த்து, "கண்டனீதானே?" என்றாள்.

அவளுடைய கரண்டியில் இருந்த கொழுக்கட்டையை நான் அப்போதுதான் பார்த்தேன். ஓரத்தில் சின்னதாக ஒரு துளை கடித்து, ஊதி, சூப்பை உறிஞ்சிக் குடித்து முடித்திருந்தாள்.

அந்தக் கிழமை முழுக்க நான் கஞ்சியும் ஐஸ்கிரீமும் குடித்துக்கொண்டு கிடந்தேன். அண்ணத்தில் தோல் கழன்று வந்தது. கலியாணத்துக்கு முன் வாய் ஆறிவிட வேண்டுமே என்பதுதான் என் கவலை. மூன்றாவது ஞாயிறு கோயிலில் போய் உட்கார்ந்தேன். சுவாமியார் ஓலை வாசித்தார். வேறு ஒரு சோடியின் பெயர். எங்கள் பெயர் இல்லை. முன் வாங்கில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவள் பாடகர் குழுவின் நடுவில் நின்று காணிக்கைப் பாட்டைத் தொடங்கினாள். அன்று குரல் அவ்வளவு நன்றாக இருந்தது.

எனக்கு வலிப்பு என்று எல்லோரிடமும் சொல்லி, சுவாமியாரிடம் ஓலையை நிறுத்தச் சொல்லியிருந்தாள். சாப்பிடும்போது கை கால் இழுத்தது, வாயில் நுரை தள்ளியது, முந்தியும் வந்திருக்கிறது என்று நானே ஒத்துக்கொண்டேன், மறைத்துக் கட்டப் பார்த்தார்கள், கடவுள்தான் காட்டித்தந்தார். இப்படிக் கதை.

அண்ணை கோபத்தோடு அவனைத் தேடிப் போய், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"'எனக்குத் தெரியேல்லை அண்ணை, கை இழுத்ததுதான், அக்காவுக்குத்தான் உதெல்லாம் தெரியும்' எண்டு சொல்லுறான்."

அந்தத் 'தெரியேல்லை'தான் என்னைக் கொன்றது. அக்கா பொய் சொன்னாள்; அவளுக்கு ஒரு காரணமாவது இருந்தது. இவன் எதிரே இருந்து கண்ணால் கண்டவன். சூடு என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வெந்தது என் வாயா, அவன் வாயா?

மன்னாரில் டெலிபோன் எடுக்கிற கொம்யூனிக்கேசன் கடையிலிருந்து அம்மா அழுதழுது கதைத்தார். "டொக்டரிட்டப் போய் வருத்தம் ஒண்டுமில்லை எண்டு எழுதி வாங்கு பிள்ளை, சுவாமியாரிட்டக் காட்டுவம்." மாட்டேன் என்றேன். இல்லாத நோய்க்கு நான் ஏன் அத்தாட்சி தேட வேண்டும்? பொய் சொன்னவள் வந்து சொல்லட்டும். அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டேன்: அவள் வாயாலேயே சொல்ல வைப்பேன். எல்லோருக்கும் முன்னால்.

சொல்லிவிட்டேனே தவிர, பட்டது நான்தான். கோயிலில் எனக்குப் பின்னால் உட்காரும் ஒரு மனிசி, வீட்டுச் சாவிகள் கோத்த திறப்புக் கோர்வையைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டே பூசை காண்பாள். வலிப்புக்காரர் கையில் இரும்பு கொடுக்க வேண்டுமாம். ஒரு முறை முழங்காலில் இருந்து தலை குனிந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தபோது, படாரென்று என் உள்ளங்கைக்குள் திறப்புகளைத் திணித்துவிட்டாள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அவற்றை அவளுடைய கைப்பைக்குள் போட்டுவிட்டு மீதிச் செபத்தைச் சொன்னேன். அது செபமே அல்ல. அந்தப் பாடகியின் தொண்டை அடைத்துப்போக வேண்டும் என்று கேட்டேன்.

ஆறு மாதத்துக்குள் அவன் பாரிஸ் பெண்ணைக் கட்டினான்.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் ஷங்காய்க்காரி ஒருத்தி இருந்தாள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சப் பிரெஞ்சு, அதுவும் இரண்டு பேருக்கும் வேறு வேறு பிழை. ஒரு நாள் அவள் தன் பிறந்தநாளுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மெட்ரோவில் இறங்கி அவளுக்குப் பின்னால் நடந்தால், அதே மாடிப்படி. நான் கீழேயே நின்றுவிட்டேன். என்னவென்று கேட்டாள். வாயைத் திறந்து அண்ணத்தைத் தொட்டுக் காட்டி, கையால் நெருப்பு மாதிரிச் செய்து காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நோகவில்லை. தனக்கும் சின்ன வயதில் அப்படித்தான் என்று நாக்கை நீட்டிக் காட்டினாள். சோப்ஸ்டிக்கால் கொழுக்கட்டையின் கழுத்தில் பிடிப்பது, கரண்டியில் இருத்துவது, ஓரத்தைக் கடிப்பது, ஊதுவது, சூப்பைக் குடித்த பிறகு இஞ்சியும் கறுப்பு வினாகிரியும் தொட்டுச் சாப்பிடுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். "தூஸ்மோ, தூஸ்மோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மெதுவாக, மெதுவாக.

அன்றைக்குத்தான் அதன் ருசி எனக்குத் தெரிந்தது. அவ்வளவு நல்ல சாப்பாட்டை வைத்தா அந்த அக்கா எனக்கு இதைச் செய்தாள் என்று கோபம் இன்னும் கூடிற்று.

அதன் பிறகு நான் தனியாகவே அங்கு போகத் தொடங்கினேன். ஒரு தமிழ்ப் பெண் தனியாக ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குப் பெரிய புதினம். எனக்குத்தான் ஏற்கனவே பட்டம் கிடைத்துவிட்டதே, இனி என்ன? கடைக்கார அம்மா என்னை அடையாளம் பிடித்து, கேட்காமலே தட்டைக் கொண்டுவந்து வைப்பார். நான் வாசலைப் பார்த்த மேசையில் இருப்பேன். அவள் ஒரு நாள் வருவாள், வந்தே தீருவாள். தன் ஆட்களுக்குப் பெருமை காட்ட அவளுக்கு இதைவிட்டால் வேறு கடை தெரியாது.

இதற்கிடையில் என்னைப் பெண் கேட்டு ஒருவர் வந்தார். மட்டக்களப்புக்காரர், சைவ சமயம், துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றும் லொறி ஓட்டுகிறவர். அண்ணை நேர்மையாக, "இப்பிடி ஒரு கதை இருக்கு, பொய்க் கதை" என்று தொடங்க, அவர் கையால் மறித்தார்.

"கேள்விப்பட்டன். வலிப்பு எண்டா என்ன? மருந்து இரிக்கித்தானே."

அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ பற்றி எரிந்தது. தேநீரைக் கொண்டுபோய் அவர் முன்னால் நங்கென்று வைத்து, "எனக்கு வலிப்பு இல்லை" என்றேன்.

"இல்லாட்டி இன்னும் நல்லம்" என்றார்.

அவரைக் கட்டினேன். நல்ல மனிதர். ஆனால் கலியாணம் கட்டியதால், பிள்ளை பெற்றதால் எனக்குள் இருந்தது ஆறவில்லை. ஆறியதாக எல்லோரும் நினைத்தார்கள். நினைக்க விட்டேன்.

சில வருடங்கள் போயின. தையல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, நான் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிற வேலைக்குப் போனேன். அந்தப் பாடகியின் மூத்த மகள் படித்து முடித்துவிட்டாள். ஒரு நாள் அந்தத் திறப்புக்கோர்வை மனிசி கோயில் வாசலில் என்னைப் பிடித்து, ஏதோ என் சொந்தக்காரரின் செய்தி மாதிரிச் சொன்னாள்: "ரொறொன்ரோவில இருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகினமாம். வாற ஞாயிறு பூசை முடிய அந்தச் சீனக் கடைக்குத்தான் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகினமாம். உமக்குத் தெரியும்தானே அந்தக் கடை?"

"ஓம், தெரியும்" என்றேன்.

அந்த ஞாயிறு எங்கள் மகளை அண்ணை வீட்டில் விட்டோம். நான் கரும்பச்சைப் பட்டுச் சேலை உடுத்தேன். கணவர் மேலும் கீழும் பார்த்தார்.

"கொழுக்கட்டை தின்னப் பட்டுச் சேலையா?"

"ஓம்."

அவர் தானும் நல்ல சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைக்கார அம்மாவிடம் நடுவில் உள்ள பெரிய மேசைக்குப் பக்கத்து மேசையைக் கேட்டு வாங்கினேன். எங்கள் தட்டு வந்து ஆவி பறந்துகொண்டிருந்தபோது அவர்கள் படியேறி வந்தார்கள். முன்னால் அவள். பின்னால் கணவர், மகள், மாப்பிள்ளைப் பையன், அவனுடைய தாய் தகப்பன். கடைசியாக, பெண்ணுக்குத் தாய்மாமன் முறையில், அவன். பாரிஸ் மனைவியோடு.

அவள் என்னைக் கண்டாள். கால் ஒரு கணம் நின்று பிறகு நடந்தது. வேறு மேசை இருக்கிறதா என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டாள். இல்லை. என் முதுகுப் பக்கமாகத் தெரியாத மாதிரி உட்கார்ந்தாள். நான் கதிரையைத் திருப்பிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் தாய் உருண்டு திரண்ட, கலகலப்பான மனிசி. பூசையில் கேட்ட பாட்டு, பனி, ரொறொன்ரோ வீட்டு விலை என்று எல்லாம் அவர்தான் கதைத்தார். தட்டுகள் வந்தன. அவள் கண் என் மேசையிலேயே இருந்தது. விருந்தாளிக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காமலே கரண்டியில் ஒன்றை வைத்து நீட்டினாள். அந்த அம்மா அதை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனார்.

உண்மையைச் சொல்கிறேன், விட்டுவிட நினைத்தேன். சம்பந்தியின் வாய் வெந்து, கதிரை சரிந்து, ரொறொன்ரோ வரை நாறட்டும். ஆனால் அதில் எனக்கு என்ன கிடைக்கும்? எனக்கு வேண்டியது அவள் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு சொல்.

"அம்மா, அப்பிடியே வாயில வைக்காதேங்கோ" என்றேன்.

அவர் கரண்டியோடு திரும்பினார். "ஏன் பிள்ளை?"

"உள்ளுக்குக் கொதிக்கிற சூப். ஓரத்தில சின்னனாக் கடிச்சு, ஊதி, சூப்பைக் குடிச்சுப்போட்டுப் பேந்துதான் சாப்பிடவேணும்."

"கடவுளே, நல்லகாலம் சொன்னீர்! இவை ஒருத்தரும் சொல்லேல்லையே."

"சொல்லத்தான் வந்தனான், அதுக்குள்ள..." என்றாள் அவள்.

"இவ சொல்லமாட்டா அம்மா. முந்தி இதே கடையில ஒரு பிள்ளைக்கு முழுசா வாயில போடச் சொன்னவ. ரெண்டு ஓலை வாசிச்ச பிள்ளை. வாய் வெந்து துடிச்சவள். அதை வலிப்பு எண்டு சொல்லிக் கலியாணத்தைக் குழப்பினவ."

பக்கத்தில் சீனக் குடும்பம் ஒன்று சத்தமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ஆர் அந்தப் பிள்ளை?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் தாய்.

"நான்தான்."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு என் கணவரிடம், "தம்பி, இவவுக்கு வலிப்பு வாறதே?" என்று நேரே கேட்டார்.

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "கோவம்தான் வாற. வலிப்ப நான் இன்னும் காணல்ல."

மாப்பிள்ளைப் பையன் சிரிப்பை அடக்கக் குனிந்தான். அவள் முகம் கறுத்தது. "இப்ப ஏன் பழசைக் கிளறுறீர்? என்ர பிள்ளையின்ர விசயம் நடக்கிற இடத்தில."

"என்ர விசயமும் இதே இடத்திலதான் நடந்தது."

அவளுடைய மகள் சோப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, தாயைப் பார்த்துப் பிரெஞ்சில், உண்மையா அம்மா என்று கேட்டாள். நான் அவன் பக்கம் திரும்பினேன். முன்பக்கம் மயிர் கொட்டியிருந்தது. அதே மாதிரி வெள்ளைத் துண்டைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"நீங்களும் இருந்தனீங்கள்தானே. சொல்லுங்கோ. வலிப்போ, சூடோ?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையை மெல்ல ஆட்டினாள், சொல்லாதே என்று. பாரிஸ் மனைவி அவனைப் பார்த்தாள். அவளுக்கு இப்படி ஒரு ஓலை வாசித்ததே தெரியாது என்பது அந்தப் பார்வையில் விளங்கியது. அந்தப் பெண்ணுக்காக நான் வருந்தவில்லை. அன்று ஒருவருக்காகவும் வருந்தும் எண்ணம் எனக்கு இல்லை.

"சூடு" என்றான் கடைசியில், மேசைக்கு.

"கேக்கேல்லை."

"சூடு. வலிப்பில்லை. சூப் சுட்டது."

"அக்காவும் சொல்லட்டும்."

மாப்பிள்ளையின் தாய் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தபடி காத்திருந்தார். வேறு வழியில்லை. கோயிலைக் கட்டியாண்ட அந்தக் குரல் கம்மிப்போய் வெளியே வந்தது.

"சூட்டாலதான்."

நான் என் கதிரையைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது. ஆனாலும் தட்டில் ஒன்று விடாமல் சாப்பிட்டேன்.

கலியாணம் நிற்கவில்லை. அந்தப் பெண் எனக்கு ஒன்றும் செய்தவள் அல்ல. நிற்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் தாய் கதைக்கப் பிறந்தவர். ரொறொன்ரோவில் சொன்னார், அங்கிருந்து லண்டனுக்குப் போனது, மாதம் முடிய முன்னர் டெலிபோன் வழியாக மொன்றியலுக்குத் திரும்பி வந்தது. திறப்புக்கோர்வை மனிசி ஒரு கேக்கோடு என் வீட்டுக்கு வந்து, "எனக்கு அப்பவே தெரியும், அது வலிப்பில்லை எண்டு" என்றாள். கேக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். பாடகர் குழுவில் இப்போது வேறு ஒருத்தி முன்னால் நின்றாள். பழைய தலைவி குடும்பத்தோடு லொங்குய்யில் பிரெஞ்சுப் பூசைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

தன் மகளின் கலியாணம் முடிந்து சில மாதங்களில் அவள் எனக்குப் போன் எடுத்தாள். நான் அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப சந்தோசமோ?" என்றாள்.

"ஓம்."

பிறகு, "பூசைக்குப் போறனீர்தானே. மன்னிக்கக் கூடாதே?" என்றாள்.

"பூசைக்குப் போறன். அது வேற."

"நான் பகிடிக்குத்தான் முழுசாப் போடச் சொன்னனான். பேந்து நடந்ததெல்லாம்... தம்பியின்ர கலியாணம் எண்டு யோசிச்சன்."

"பகிடி எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மேசையில் படம் கீறிக்கொண்டிருந்த என் மகள், யார் அது என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"பிழையான நம்பர்" என்று சொல்லிவிட்டு மீனைப் புரட்டிப் போட்டேன்.